வெற்று மண்

கருவிக்கு முதலில் பூஜ்யத்தைக் காட்ட வேண்டும்.
எதுவும் கலக்காத மண், இருபது கிராம்.
அதை ஓட்டிப் பார்த்த பிறகுதான்
மற்ற மண்ணில் இருப்பதை இருக்கிறது என்று சொல்லலாம்.

பழைய டப்பா தீர்ந்துவிட்டது.
"நம்ம பக்கமே எங்காவது அள்ளிட்டு வந்துரும்மா,"
கொத்தமல்லிக் கட்டு வாங்கச் சொல்வதுபோலச்
சொல்லிவிட்டுப் போனார் மேலாளர்.

தொண்டாமுத்தூரில் தக்காளி பிடுங்கிய வயல்.
காரமடையில் கறிவேப்பிலைத் தோட்டம்,
வாரம் தவறாமல் மருந்து குடித்து
இலையெல்லாம் எண்ணெய் தேய்த்த மினுமினுப்பு.
பல்லடத்தில் கோழிப்பண்ணைச் சுவரோரம்,
கறையானுக்கு ஊற்றினது.
நொய்யல் கொண்டுவந்து ஒதுக்கிய வண்டல்,
அதில் யார் யார் தோட்டமோ.

எந்தப் பையைப் போட்டாலும்
திரையில் ஓர் ஊசி எழுந்து நின்றது.

அப்புறம் அன்னூர் தாண்டிக் கிட்டுசாமியின் காடு.
வெள்வேல், கொழுக்கட்டைப் புல், நாலு செம்மறி.
"இருவது வருசமா ஏரே பூட்டலீங்க,
ஒரு சொட்டு மருந்து உழுந்ததில்ல.
என்ர காட்டு மண்ணை வாயில போட்டுக்கலாமுங்க."
செருப்பைக் கழற்றிவிட்டுத் தோண்டினேன்,
ஏன் கழற்றினேன் என்று தெரியவில்லை.

பதினான்காம் நிமிடம்
சின்னதாக, ஆனால் சந்தேகமில்லாமல்:
டிடிஇ.
டிடிடி செத்தால் பிறப்பது.
தகப்பனைவிட ஆயுசு கெட்டி.

சீக்கிரம் சாகிறவையும் உண்டு.
மோனோகுரோட்டோபாஸ் வெயிலிலும் ஈரத்திலும்
சில வாரங்களில் துண்டு துண்டாகிவிடும்.
பெரியாஸ்பத்திரி வார்டில்
அதற்கு ஒரு ராத்திரி போதும்.
மெதுவானது எல்லாவற்றையும் மெதுவாகவே செய்யும்:
களிமண்ணைப் பிடித்துக்கொள்ளும்,
புல்லின் தூசியோடு ஆட்டுக்குள் போகும்,
கொழுப்பில் வீடு கட்டும்,
பால் சுரக்கும்போது வெளியே வரும்.

போனில் சொன்னேன்.
"பருத்தி போட்ட காலமுங்களா," என்றார்.
"வெள்ளைத் தூளு. எங்கப்பன் துணில கட்டி உதறுவாரு.
அது எப்பத்தானுங்க போகும்?"

ஏறக்குறையப் பத்து வருடத்தில் பாதி.
அடுத்த பத்தில் பாதியில் பாதி.
அப்புறம் அதில் பாதி.

கொஞ்ச நேரம் ஆட்டின் மணிச் சத்தம் மட்டும்.
"வட்டிக்கு நேர்மாறுங்க," என்றார்.
"ஆனா இதும் தீராதாட்ட இருக்குது.
அவரு போயி முப்பத்தொரு வருசமாச்சு,
பட்டா இன்னும் அவரு பேருலதான் கெடக்குது."

சுத்தமான மண் கிடைத்தது சூலூர்ப் பக்கம்,
இரவு பதினொன்றுக்கு.
திருச்செங்கோட்டுப் போர் வண்டி
ஆயிரத்து இருநூறு அடியைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.
தண்ணீர் இல்லை.
வெள்ளை மாவு புகையாக எழும்பி
வேப்பமரத்தை, மோட்டார் ரூமை,
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து
ராடு எண்ணிக்கொண்டிருந்த சாமியாத்தாளின் புருவத்தை
மூடியது.
எதற்கென்று அவர் கேட்கவில்லை.
"அள்ளிக்க கண்ணு. அது ஒண்ணுதான் வருது."

முதல் பையில் கம்ப்ரசர் எண்ணெய்.
இரண்டாவது பை,
முழு ஓட்டமும் நேர்கோடு.
அனுபவத்தில் நான் பார்த்திராத கோடு.
மழை தொடாத, வேர் தொடாத,
ஒரு பசியும் தேடி வராத கல்லின் மாவு.
டப்பாவில் "மண்" என்று எழுதக் கை வரவில்லை.
"வெற்று" என்று எழுதி ஒட்டினேன்.

கிட்டுசாமியின் அறிக்கையில்
விதிப்படியான ஒரே வரி:
தடயம். அளவிடும் எல்லைக்குக் கீழ்.
எல்லை கருவியுடையது,
அதற்குக் கீழே என்ன நடக்கிறதென்று
கருவிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வாசித்துக் காட்டினேன்.
அன்னூரில் மழை போல,
அவர் பக்கம் தகரத்தில் சடசடவென்று கேட்டது.
கத்திக் கேட்டார்:
"அதெல்லாஞ் செரிங்க.
ஈரம் இருக்கறப்பவே
அவரை ஊணட்டுங்களா, வேண்டாமுங்களா?"